ஒன்பது மணி நேரம் இருக்கிறது, ஊரைப் பார்த்துவிடலாமா?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே ரகம்: ஊர் பெரிது, கையில் இருக்கும் நேரம் சிறிது. என் பதில்களும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குறுகிய பயணத்தில் நேரத்தைத் தின்பது நாம் பார்க்கும் இடங்கள் இல்லை. ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் இருக்கிறதே, அந்த வரிசை, ரயில் மாறுவது, பெட்டி இழுப்பது, தெருமுனையில் நின்று போனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பது, அதுதான்.

அண்ணா, விமானம் மாறும் ஊரில் ஒன்பது மணி நேரம் கிடைக்கிறது. வெளியே போய்ச் சுற்றிவிட்டு வரலாமா, இல்லை பேராசையா?

பேராசை இல்லை தம்பி. ஆனால் உங்களிடம் ஒன்பது மணி நேரமும் இல்லை. விமானம் தரையிறங்கி, கதவு திறந்து, நீளமாக நடந்து, இமிகிரேஷன் வரிசையில் நின்று வெளியே வர ஒன்றரை மணி என்று வையுங்கள். அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்துக்குள் இருக்க வேண்டும். ஊருக்குப் போக ஒன்று, வர ஒன்று. கழித்துப் பாருங்கள், மிச்சம் இரண்டரை மணி. இரண்டரை மணியில் ஊரைப் பார்க்க முடியாது, ஊரின் ஒரு மூலையை நன்றாகப் பார்க்கலாம். அது போதும் என்றால் கிளம்புங்கள்.

அதற்கு முன், டிக்கெட்டில் ஊர் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், விமான நிலையத்தின் பெயரைப் பாருங்கள். நரிட்டா, ஹனேடா இரண்டுக்கும் டோக்கியோ என்றுதான் போட்டிருக்கும். ஹனேடா ஊரை ஒட்டி இருக்கிறது, நரிட்டாவோ நகர மையத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். நரிட்டாவில் ஒன்பது மணி நேரம் கிடைத்தால் நான் டோக்கியோ பக்கமே போக மாட்டேன். பத்து நிமிட ரயிலில் நரிட்டா என்கிற சின்ன ஊர் வந்துவிடும், ரயில் நிலையத்திலிருந்து இறங்குமுகமாக வளைந்து போகும் பழைய கடைத்தெரு வழியே நடந்தால் நரிட்டாசான் கோயில். பார்த்து முடித்து, உட்கார்ந்து, சாவகாசமாகத் திரும்பலாம்.

விசா விஷயத்தை உங்கள் பாஸ்போர்ட்டை வைத்துத்தான் சொல்ல முடியும், நண்பர் போய்விட்டு வந்தார் என்பதெல்லாம் கணக்கில் வராது. அமெரிக்காவில் வேறு மாதிரி: சும்மா விமானம் மாறுவதாக இருந்தாலும் பொதுவாக இமிகிரேஷனைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அதற்கே நேரம் போய்விடும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டவரின் விரல்ரேகையையும் முகப்படத்தையும் பதியும் புது முறை வந்திருக்கிறது. முதல் தடவை நுழைகிறவர்கள் அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

சிங்கப்பூரின் சாங்கியில் மாறுகிறீர்கள் என்றால் கவலையே வேண்டாம். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் இடைவெளி இருக்கும் பயணிகளுக்கு இலவச ஊர்சுற்றல் நடத்துகிறார்கள், நாட்டுக்குள் நுழையும் அனுமதி மட்டும் இருக்க வேண்டும். இஸ்தான்புல்லில் டர்கிஷ் ஏர்லைன்ஸும் தன் பயணிகளுக்கு இப்படி நடத்துகிறது. குழுவோடு போவது எனக்குப் பிடிக்காதுதான். ஆனால் திரும்பி வரும் நேரத்துக்கு அவர்கள் பொறுப்பு பாருங்கள், அந்த நிம்மதிக்காகவே ஒத்துக்கொள்ளலாம். ஒரு முறை தனியாகப் போய்விட்டுத் திரும்பும்போது ரயில் நடுவழியில் நாற்பது நிமிடம் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் என் பெயரைக் கேட்டுக்கொண்டே ஷூ லேஸ் அவிழ ஓடியிருக்கிறேன். மூன்று மணி நேரம் என்று மேலே சொன்னது அந்த ஓட்டத்துக்குப் பிறகு வந்த ஞானம்.

பாரிஸில் இரண்டு பகல், ஒரு இரவு. நானும் கணவரும் உட்கார்ந்து 14 இடம் எழுதியிருக்கிறோம். எந்த வரிசையில் போனால் எல்லாம் முடியும்?

எந்த வரிசையில் போனாலும் முடியாதுங்க. முதலில் அந்த 14 இடத்தையும் போன் வரைபடத்தில் குறித்து, கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளிகள் தானாகவே இரண்டு மூன்று கொத்தாகத் தெரியும். நோத்ர தாம், சாந்த் ஷப்பேல் தேவாலயங்கள் இரண்டும் ஒரே தீவில், நடந்தால் ஐந்து நிமிடம். அங்கிருந்து ஆற்றங்கரையோடு நடந்தால் லூவர் மியூசியம். இது ஒரு நாள். ஈபில் கோபுரம் இன்னொரு பக்கம், மோன்மார்த்ர் வடக்கே குன்றின் மேல், இரண்டில் ஒன்று அடுத்த நாளுக்கு. கொத்தில் சேராமல் தனியாக நிற்கும் புள்ளியை இரக்கமில்லாமல் அடித்துவிடுங்கள். உங்கள் பட்டியலில் வெர்சாய் அரண்மனை இருந்தால் அதுதான் முதல் பலி, ஊருக்கு வெளியே இருக்கிறது, ஒரு பகலை அப்படியே விழுங்கிவிடும்.

அடுத்து, எந்தக் கிழமை என்று பார்க்க வேண்டும். லூவர் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஓர்சே மியூசியம் திங்கட்கிழமை விடுமுறை. இதை மாற்றி நினைத்துக்கொண்டு வாசல் வரை போய் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புதன், வெள்ளி என்றால் லூவர் இரவு 9 மணி வரை திறந்திருக்கும், வெளிச்சம் இருக்கும் நேரத்தைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு மாலையில் உள்ளே போங்கள்.

உள்ளே போய் என்ன பார்ப்பது? லூவரில் காட்சிக்கு வைத்திருப்பது சுமார் 35,000 பொருட்கள். ஒன்றுக்குப் பத்து விநாடி என்று வைத்தால் கூட நிற்காமல் 97 மணி நேரம், அதாவது சோறு தூக்கமில்லாமல் நான்கு பகல், நான்கு இரவு. ஆகவே ‘லூவரைப் பார்த்தாச்சு’ என்று யாராலும் சொல்ல முடியாது, நீங்களும் முயல வேண்டாம். மோனலிசா 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம், அவ்வளவுதான். முன்னால் தூக்கிப் பிடித்த போன்களுக்கு நடுவே தபால்தலை மாதிரி தெரிவாள். பார்க்க வேண்டும் என்றால் பாருங்கள், தப்பில்லை. பார்த்துவிட்டு அந்தப் பெரிய நீளக் கூடத்துக்கு வாருங்கள், அதே லியோனார்டோ வரைந்த ‘பாறைகளின் கன்னி’ அங்கே தொங்குகிறது. முன்னால் அந்த நெரிசல் இருக்காது. மூக்கு படும் தூரம் வேண்டாம், ஆனாலும் அந்தக் குழந்தையின் தூக்கிய விரலைப் பார்க்கும் தூரத்தில் நிற்கலாம்.

வீட்டுச் சண்டைக்கும் ஒரு வழி சொல்கிறேன். ஆளுக்கு ஓர் இடம், விட்டுக்கொடுக்கவே முடியாத ஒன்று, அதை மட்டும் எழுதுங்கள். அவை இரண்டும் காலை நேரத்துக்கு. மற்ற பன்னிரண்டும் கிடைத்தால் லாபம்.

பல இடங்களுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்கும் சிட்டி பாஸ் வாங்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம். பாஸ் வாங்கிவிட்டால் அதன் காசை எடுக்க வேண்டுமே என்று பிடிக்காத மியூசியத்துக்கெல்லாம் ஓடுவோம். நிச்சயமாகப் போகப் போகிற இடங்களின் டிக்கெட்டைத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள், பாஸை விட அதிகம் வந்தால் மட்டும் வாங்குங்கள். பேருந்து, ரயில் பாஸ் என்றால் அது மணிக்கணக்கா, தேதிக்கணக்கா என்று பாருங்கள். தேதிக்கணக்கு என்றால் மாலை ஆறு மணிக்குத் தொடங்கியதும் அன்றைக்கு ஒரு நாள் போய்விடும். பாரிஸின் வார பாஸ் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும், வியாழக்கிழமை வாங்கினாலும் ஞாயிறு இரவோடு காலி.

அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மாவால் அரை மணிக்கு மேல் நடக்க முடியாது. ஒரே நாள். ஏறி இறங்கும் சுற்றுலாப் பேருந்து சரியா வருமா?

வரும், ஆனால் இறங்காதீர்கள்! ஏறி இறங்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். இறங்கினால் அடுத்த வண்டிக்கு வெயிலில் நிற்க வேண்டும், வருகிற வண்டியில் மேல்தளம் நிறைந்திருக்கும், பெரியவர்கள் அந்தப் படியில் ஏறவும் வேண்டும். காலையில் முதல் வண்டியைப் பிடித்து ஒரு முழுச் சுற்று உட்கார்ந்தபடியே வாருங்கள். ஊர் பிடிபட்டுவிடும், எங்கே போக வேண்டும் என்று அம்மாவே சொல்லிவிடுவார்.

இதை விட எனக்குப் பிடித்தது, உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போகும் படகும் டிராமும். சுற்றுலாவுக்கென்று ஓட்டுவதில்லை, ஆனால் அதே காட்சிதான். நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவுப் படகு இலவசம், 24 மணி நேரமும் ஓடுகிறது, ஒரு பக்கம் 25 நிமிடம். போகும்போது வலது பக்கம் உட்கார்ந்தால் சுதந்திர தேவி சிலை வரும். அக்கரை சேர்ந்ததும் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள், மறுபடி வரிசையில் வந்து ஏற வேண்டும், அந்த நடையை மட்டும் கணக்கில் வையுங்கள். சிட்னியில் சர்குலர் கீயிலிருந்து மேன்லி போகும் படகு, ஓபரா மாளிகையையும் துறைமுகப் பாலத்தையும் அரை மணியில் காட்டிவிடும். இஸ்தான்புல்லில் எமினோனுவிலிருந்து கடிகோய் போனால் இருபது நிமிடத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியா. புடாபெஸ்ட் என்றால் 2-ஆம் எண் டிராம், டான்யூப் கரையோடு நாடாளுமன்றத்தைத் தொட்டுக்கொண்டு போகும், ஆற்றுப் பக்க ஜன்னலைப் பிடியுங்கள்.

மியூசியத்துக்குப் போவதாக இருந்தால், பெரிய மியூசியங்கள் பலவற்றில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள். அப்பா ‘எனக்கெதற்கு’ என்பார். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பையை வைத்துத் தள்ளுகிறேன் என்று சொல்லுங்கள், அரை மணியில் அவரே உட்கார்ந்துவிடுவார்.

எங்களுக்குக் கிடைப்பது ஒரு திங்கட்கிழமை மட்டும். எல்லாம் மூடியிருக்குமாமே?

எல்லாம் இல்லை. புளோரன்ஸின் உஃபிட்சி மியூசியம், பெய்ஜிங்கின் அரண்மனை நகரம் இவற்றுக்குத் திங்கள் விடுமுறை. லண்டனின் பிரிட்டிஷ் மியூசியமும் மாட்ரிட்டின் பிராதோவும் திங்களும் உண்டு. தாஜ்மகாலுக்கு வெள்ளி, இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனைக்குச் செவ்வாய், அங்கேயே கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். ஆகவே பொதுவாகக் கேட்காமல், போகும் இடத்தின் சொந்தத் தளத்தில் அந்தத் தேதியைப் போட்டுப் பாருங்கள். வாரக் கிழமையைப் போட்டால் போதாது, பண்டிகை விடுமுறை தேதியில்தான் தெரியும்.

மூன்று வாரத்தில் கிளம்புகிறோம். பார்க்க நினைத்த இடத்துக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது. போயும் பிரயோஜனம் உண்டா?

இடத்தைப் பொறுத்தது. ஆம்ஸ்டர்டாமில் சிறுமி ஆன் பிராங்க் நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்த வீட்டுக்கு நேரில் டிக்கெட் கிடையாது, ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கு விடுவார்கள், மூன்று வாரத்துக்கு முன் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. மிலானில் ‘கடைசி விருந்து’ சுவரோவியத்தைச் சின்னக் குழுவாக 15 நிமிடம்தான் பார்க்க விடுகிறார்கள், அதனால் இடமும் குறைவு. இப்படிப்பட்ட இடங்களுக்குத் தேடலில் மேலே வரும் தளம் அதிகாரபூர்வமானதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். மறுவிற்பனைக்காரர்கள் முகப்பை அச்சு அசலாக வைத்திருக்கிறார்கள். ரத்தாகும் டிக்கெட்டுகள் முந்தைய நாள் மாலையில் திரும்ப வருவதுண்டு, தினமும் ஒரு தடவை பாருங்கள். வழிகாட்டியோடு போகும் குழுக்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கும், அதையும் முயலலாம்.

ஸ்பெயினில் கிரனடாவின் அல்ஹம்ப்ரா கோட்டைக்கு டிக்கெட் கிடைத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதற்குள் இருக்கும் நாஸ்ரிட் அரண்மனைகளுக்கு டிக்கெட்டில் போட்ட நேரம்தான், தவறினால் உள்ளே விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டையும் கையில் வையுங்கள்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் வெளியே நின்று பாருங்கள். கேலியாகச் சொல்லவில்லை. பார்சிலோனாவின் சக்ராதா ஃபமீலியா தேவாலயத்தில், அதை வடிவமைத்த கௌதி உயிரோடு இருந்தபோது எழுந்த முகப்பு தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. எதிரே பூங்காவில் ஒரு குளம், கோபுரங்கள் தலைகீழாக அதில் தெரியும். உள்ளே போனவர்களில் பாதிப் பேர் அந்தக் குளத்துப் பக்கம் போவதே இல்லை.

தங்குவது விமான நிலையம் பக்கமா, ஊருக்கு நடுவிலா? நடுவில் விலை அதிகம்.

ஒரே இரவு, விடிகாலை விமானம் என்றால் மட்டும் விமான நிலையம் பக்கம். மற்றபடி நடுவில். மலிவு விமானம் விஷயத்திலும் இதே கதைதான். ‘பாரிஸ்’ என்று விற்கும் போவே நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர், ‘ஃபிராங்க்ஃபர்ட்’ ஹான் சுமார் 120. மிச்சம் பிடித்த காசு அரை நாளோடு போய்விடும்.

கடைசி நாள் 11 மணிக்கு அறையைக் காலி செய்யணும், விமானம் இரவு 10-க்கு. பெட்டியோடு எங்கே அலைவது?

பெட்டியோடு அலையவே கூடாது. கற்கள் பதித்த பழைய தெருவில் ஒரு பெட்டியின் சக்கரம் கழன்று, மிச்ச தூரத்தை அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தவன் சொல்கிறேன். பெரும்பாலான ஓட்டல்களில் காலி செய்த பிறகும் மாலை வரை பெட்டியை வைத்துக்கொள்வார்கள், கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஹாங்காங் ரயில் நிலையத்திலும் வியன்னாவின் வீன் மிட்டே ரயில் நிலையத்திலும் சில விமானங்களுக்கு ஊருக்குள்ளேயே பெட்டியை ஒப்படைத்து போர்டிங் பாஸ் வாங்கிவிடலாம், உங்கள் விமானத்துக்கு உண்டா என்று பாருங்கள்.

ரயில் நிலைய லாக்கர் என்றால் பூட்டியதும் எண்ணை மட்டும் படம் எடுக்காதீர்கள், திரும்பி நின்று எதிரே என்ன இருக்கிறது, எந்த வாயில் என்பதையும் எடுங்கள். டோக்கியோவின் ஷிஞ்ஜுகு நிலையத்துக்கு 200-க்கு மேல் வாயில்கள், லாக்கர் வரிசை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அங்கே ‘இந்தத் தூணுக்குப் பக்கத்தில்தானே’ என்று முக்கால் மணி நேரம் தேடியிருக்கிறேன்.

அப்புறம் ஒன்று, பெட்டியை ஒப்படைக்கும் முன் பவர் பேங்கை வெளியே எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். விமானத்தின் வயிற்றுக்குள் போகும் பெட்டியில் அது இருக்கக் கூடாது. பகல் முழுக்க வரைபடம் பார்க்கும் போனுக்கு எப்படியும் வேண்டும்.