கோ-டூ இருந்தால் புரோகிராமையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் தேயிலை பேக்டரியின் பச்சை இலைக் கணக்கு, விஷுவல் பேசிக் 6 என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராமில் ஓடுகிறது. மழைக்காலத்தில் சிலருக்குப் பட்டுவாடா குறைகிறது. பார்க்க வந்த ஏஜென்ட், "ஏகப்பட்ட கோ-டூ, எல்லாம் புதிதாக எழுதணும்" என்று பெரிய தொகை கேட்கிறார். தரலாமா?

பதில்: வேண்டாம். 'நடுவில் இருப்பதை விட்டுவிட்டு அந்த வரிக்குப் போ' என்பதுதான் கோ-டூ. விட்டுப்போன வரியில் முக்கியமானது ஏதாவது இருந்தால் கணக்கு உதைக்கும். நீங்கள் அனுப்பிய பிரின்ட்டில் 300-வது வரியைப் பாருங்கள்: 'முன்பணம் வாங்கியவர் என்றால் கோ-டூ 420'. நடுவே 400-ல்தான் 'ஈரக் கழிவு = 0' (ஈரத்துக்காக எடையில் கழிப்பது) என்று ஆளுக்கு ஆள் புதிதாகத் தொடங்குகிறது. 420-ல் இலை ஈரமாக இருந்தால் மட்டும் கழிவு மாறும். அதனால் முந்தைய ஆளுக்கு 6 கிலோ கழித்திருந்தால், முன்பணக்காரர் காய்ந்த இலை கொண்டுவந்தாலும் அதே 6 கிலோ போய்விடும். வெயில் காலத்தில் கழிவே இல்லை, யாருக்கும் தெரியவில்லை. 400-ஐ 300-க்கு மேலே வைத்தால் தீர்ந்தது. பழைய பட்டுவாடாவையும் சரிபார்த்து, விட்டதைக் கொடுத்துவிடுங்கள்.

1968-ல் டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் கோ-டூ கேடு என்று கடிதம் எழுதினார். நம் கல்லூரிகள் அதை இரண்டு மார்க் கேள்வியாக்கிவிட்டன. ஏன் கேடு என்று கேட்டால் பதில் இல்லை. இப்படிப் படித்து வந்தவர்தான் உங்களிடம் கோ-டூவை எண்ணிக் காட்டுகிறார்.

அந்த எண்ணிக்கையில் 'ஆன் எரர் கோ-டூ' எத்தனை என்று கேளுங்கள். பிரின்டர் ஆஃப் ஆனாலோ பைல் திறக்காவிட்டாலோ எங்கே போக வேண்டும் என்று சொல்வது அது. விஷுவல் பேசிக் 6-ல் பிழையைப் பிடிக்க 'டிரை-கேட்ச்' என்ற கட்டளை கிடையாது, அதற்கு அடுத்து வந்த விஷுவல் பேசிக் டாட் நெட்டில்தான் வந்தது. ஆகவே இது குற்றமில்லை, இருக்கத்தான் வேண்டும். திரும்பச் சொல்கிறேன், இதை எடுக்க விடாதீர்கள். பயப்பட வேண்டியது 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்'. பிழை வந்தாலும் வாயை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகும், தப்புத் தொகையை அழகாக அச்சடித்தும் கொடுக்கும்.

பழையது என்பதற்காகவும் மாற்ற வேண்டாம். விஷுவல் பேசிக் 6-ல் புரோகிராம் எழுதும் கருவிக்கு மைக்ரோசாப்ட் 2008-லேயே ஆதரவை நிறுத்திவிட்டது, ஆனால் எழுதி முடித்த புரோகிராம் விண்டோஸ் 11-லும் ஓடும்.

என்றாவது புதிதாக எழுதினால், சோர்ஸ் கோடு (புரோகிராமர் எழுதிய மூல வரிகள்) உங்கள் கைக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஓட்ட மட்டும் முடிகிற, திருத்த முடியாத எக்ஸ்இ பைலை மட்டும் கொடுத்துவிட்டு வருஷா வருஷம் ஏஎம்சி என்று பராமரிப்புக் கட்டணம் வாங்குவதுதான் இங்கே பலருக்குப் பிழைப்பு. சோர்ஸ் கோடைப் பென் டிரைவில் கொடுத்தால், வேறொரு கம்ப்யூட்டரில் கம்பைல் ஆகிறதா, அதாவது அதிலிருந்து எக்ஸ்இ பைல் உருவாகிறதா என்று கண்ணெதிரே ஓட்டிப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.