ஐந்தாறு உணவைத் தாண்டாத மகன்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஆட்டிசம் உள்ளவன். பிரெட், சிப்ஸ், நூடுல்ஸ், பால், ஒரு குறிப்பிட்ட பிஸ்கட் என்று ஐந்தாறு பொருளுக்கு மேல் எதையும் தொடமாட்டான். கோபத்தைக் குறைக்க ரிஸ்பெரிடோன் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து எடை மளமளவென்று ஏறுகிறது. விளையாட்டு வகுப்பு என்றாலே காதைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுகிறான். வரைபடம் பார்ப்பதில் மட்டும்தான் ஆர்வம். அவனைக் காய்கறி சாப்பிட வைப்பது எப்படி? என்ன உடற்பயிற்சி தரலாம்? கோதுமையையும் பாலையும் நிறுத்தச் சொல்கிறார்களே, சரிதானா?

பதில்: காய்கறியைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். முதலில் கவனிக்க வேண்டியவை மாத்திரையும் வயிறும்.

ரிஸ்பெரிடோன் பசியைக் கூட்டும். சாப்பிட்டுக் கை கழுவிய சிறிது நேரத்திலேயே அவன் மறுபடி சமையலறைக்கு வந்து நின்றால் அதற்குப் பிடிவாதமும் காரணமல்ல, உங்கள் வளர்ப்பும் காரணமல்ல. இந்த மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கு எடை, ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் அவ்வப்போது பார்த்தாக வேண்டும். மாதாமாதம் எடையைக் குறித்துவைத்து, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து மலச்சிக்கல். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம். நார்ச்சத்தே இல்லாத உணவென்றால் கேட்கவே வேண்டாம். வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அந்த வலி கோபமாகவும் தூக்கமின்மையாகவும் வெளிப்படும். நெஞ்சுக்கரிப்பும் பல்வலியும் அப்படித்தான். பசி, தாகம், வயிறு நிறைந்த உணர்வு ஆகியவை பலருக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. அதனால் ‘பசித்தால் சாப்பிடுவான்’ என்று பட்டினி போட்டுப் பார்ப்பது ஆபத்து. சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் நேரம் குறித்து, அதை எழுதி அவன் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

சரி, உணவுக்கு வருவோம். அந்த பிஸ்கட்டை அவன் ஏன் விடமாட்டேன் என்கிறான்? எப்போது பிரித்தாலும் அதே நிறம், அதே மொறுமொறுப்பு, அதே வாசனை. தக்காளி அப்படியா? ஒன்று புளிக்கும், இன்னொன்று வாயில் கொழகொழக்கும். நாக்கும் மூக்கும் எல்லாவற்றையும் பல மடங்கு கூர்மையாக உணரும் பிள்ளைக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆகவே அவனுக்குப் பிடித்த உணவில் காய்கறியை அரைத்து ஒளித்துவைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அந்த உணவையும் விட்டுவிடுவான், ஐந்து நான்காகிவிடும். தட்டில் இருப்பதை நம்பலாம் என்று அவன் நினைப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம்.

அவனுக்குச் சொல்லிவிட்டே ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். சிப்ஸையே எடுத்துக்கொள்வோம். முதலில் அதே சுவையில் வேறு கம்பெனி சிப்ஸ். அது பழகியதும், வீட்டில் மெல்லியதாகச் சீவிப் பொரித்தது. பிறகு சற்றுத் தடிமனாக. பிறகு எண்ணெய் குறைத்து ஓவனில் சுட்டது. அதே வடிவத்தில் அதே மொறுமொறுப்போடு ஒரு கேரட் துண்டு வருவது அதற்கும் பிறகுதான். புதியதை அவன் தட்டில் வைக்காமல் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் வையுங்கள். தொட்டுப் பார்த்தாலும் முகர்ந்து பார்த்தாலும் அன்றைக்கு அது போதும். ஒரு உணவைப் பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகே வாயில் வைப்பது எந்தப் பிள்ளைக்கும் சகஜம். இவனுக்கு இன்னும் கூடுதலாகவே ஆகலாம். ‘இதைச் சாப்பிட்டால் பிஸ்கட்’ என்ற பேரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கோதுமையையும் பாலையும் நிறுத்துவதால் ஆட்டிசத்தின் தன்மைகள் மாறும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. பரிசோதனையில் ஒவ்வாமையோ, கோதுமையிலுள்ள புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் சீலியாக் நோயோ தெரிந்தால் மட்டும் நிறுத்தலாம். உங்கள் மகனுக்குக் கால்சியம் கிடைப்பதே பெரும்பாலும் பாலில்தான். எலும்பு வேகமாக வளரும் வயதில் அதையும் பிடுங்கிவிடாதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பழமும் காயும் அறவே இல்லாத பிள்ளைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வருவது உண்டு. கால் வலிக்கிறது என்று நடக்க மறுப்பார்கள், ஈறில் ரத்தம் கசியும். இப்படி ஏதாவது தெரிந்தால், அல்லது எடை திடீரென்று இறங்கினால், தாகமும் சிறுநீரும் அளவுக்கு மீறினால், சாப்பிடும் பொருள்களில் ஒன்றிரண்டு கழன்றுகொண்டே போனால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, வைட்டமின் டி பரிசோதனைகளை ஒருமுறை செய்துவிடுவது நல்லது.

இனி உடற்பயிற்சி. விளையாட்டு வகுப்பில் விசில் சத்தம், கூச்சல், எங்கிருந்து வருமென்று தெரியாத பந்து, நொடிக்கு நொடி மாறும் ஆட்டம். காதைப் பொத்துவதில் ஆச்சரியமில்லை. குழு விளையாட்டுக்கு வற்புறுத்தாதீர்கள். நடை, சைக்கிள், நீச்சல், டிராம்போலின் (துள்ளிக் குதிக்கும் வலை), எடை தூக்கும் பயிற்சி என்று ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருபவை அவனுக்குப் பொருந்தும். வரைபடம் பிடிக்கும் என்கிறீர்களே, போகும் வழியை அவனே வரையட்டும். நீங்கள் பின்னால் நடங்கள். எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி மறுப்பு போய்விடும்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது போய்ச் சேர வேண்டிய இடம். நீங்கள் 10 நிமிடத்தில் தொடங்குங்கள், ஆனால் தினமும் அதே நேரத்தில். நேரத்தை மாற்றினால்தான் அவனுக்குச் சிக்கல்.

முடிந்தால் நீச்சலைக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் நீரில் மூழ்கும் ஆபத்து மற்ற பிள்ளைகளைவிட அதிகம். பதின்ம வயதில் சிலருக்கு வலிப்பு புதிதாகத் தொடங்குவதும் உண்டு என்பதால், நன்றாக நீந்தக் கற்ற பிறகும் கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.