அண்ணே, மகள் மிஸ்ஸி (தாதி) ஆகட்டுமா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில்

அண்ணே, போன வாரம் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, நீங்கள் மட்டும் மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலிலேயே நின்றீர்கள். "டீச்சர், பிள்ளை அஞ்சாம் படிவ எஸ்.பி.எம். பரீட்சைல நல்லா வரும்னு நீங்களே சொல்றீங்க. அது என்னடான்னா மிஸ்ஸி வேலைக்குப் படிக்கப் போறேங்குது. அடுத்தவங்க மூத்திரத்தை அள்ளவா நான் இத்தனை வருசம் செம்பனைக் குலை வெட்டினேன்?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இரண்டு வரியில் சொல்லி அனுப்பும் விஷயமாக அது எனக்குப் படவில்லை. நம் மலேசியச் சுங்கை சிப்புட் ஊரில் இதே கேள்வியை வேறு அப்பாக்களும் அம்மாக்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் பெயர் எதுவும் போடாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று, உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். என் அம்மாவைப் பெற்ற பாட்டி தோட்டத்து ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கியவர். டிரெஸர் என்ற மருத்துவ உதவியாளர் மலேரியாவுக்குக் கொயினா மருந்து கொடுப்பார், ஊசி போடுவார். நோயாளியைத் துடைத்துவிடுவது, பாயை அலசுவது, வாந்தியைக் கழுவுவது எல்லாம் பாட்டி தலையில்தான் விழும். அவருக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை, கொடுத்த கூலியும் பெருக்குவதற்குத்தான். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிக்கும், ஆயா கொட்டகையில் இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவருக்கும் இதே கதைதான். நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றால் படிக்காதவர்கள், வேறு வழியில்லாதவர்கள் செய்வது என்று நாம் கண்ணால் பார்த்து வளர்ந்தோம். நீங்களும் அதைத்தான் மனத்தில் வைத்துப் பேசினீர்கள்.

ஆனால் இந்தப் பயம் தோட்டத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல, அண்ணே. 1845இல் இங்கிலாந்தில் ஒரு பணக்காரக் குடும்பத்தில் இதே பேச்சு நடந்தது. 25 வயதுப் பெண் ஒருத்தி, சாலிஸ்பரி மருத்துவமனையில் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பழகுகிறேன் என்று கேட்டாள். வீடே கொதித்துப் போனது. அந்தக் காலத்தில் வசதியானவர்கள் வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்வார்கள், மருத்துவமனை என்பது ஏழைகள் போய்ச் சேரும் இடம். அங்கே வேலை செய்யும் பெண்களைக் குடிகாரிகள் என்றும் நடத்தை சரியில்லாதவர்கள் என்றும் ஊரே பேசும். தாயும் அக்காவும் அழுது தடுத்தார்கள். அந்தப் பெண்தான் புளோரன்ஸ் நைட்டிங்கேல். ஆறு வருடம் காத்திருந்து, 1851இல் 31 வயதில்தான் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற இடத்துக்குப் போய்ச் சில மாதம் பயிற்சி எடுக்க முடிந்தது. அந்த இடத்தை 1836இல் தியோடர் ஃபிளீட்னர் என்ற பாதிரியாரும் அவர் மனைவியும் தொடங்கியிருந்தார்கள்.

விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் படத்தை நாம் எல்லோரும் பள்ளிப் பாடத்தில் பார்த்திருக்கிறோம். அந்தப் படத்தால் ஒரு கெடுதலும் நடந்திருக்கிறது, தாதி என்றால் அன்பும் புன்னகையும் மட்டும்தான் என்று ஆகிவிட்டது. நடந்ததைக் கேளுங்கள். 1854 நவம்பரில் அவர் 38 பெண்களோடு, இன்றைய இஸ்தான்புல் நகரத்தில் உள்ள ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார், ரஷ்யாவுக்கு எதிராகப் பிரிட்டன் சண்டையிட்ட கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். துணி துவைத்தார்கள், நல்ல சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார்கள், இரவெல்லாம் நோயாளி பக்கத்தில் இருந்தார்கள். அப்படியும் சாவு குறையவில்லை, அந்தக் குளிர்காலத்தில் கூடியது. 1855 பிப்ரவரியில் அங்கே சேர்ந்தவர்களில் 100க்கு 42 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம் கட்டடத்துக்கு அடியில் இருந்தது. சாக்கடை அடைத்துக்கொண்டு நாறிக் கிடந்தது, தண்ணீர் கெட்டிருந்தது, காற்றோட்டம் இல்லை. மார்ச் மாதம் சுகாதாரக் குழு ஒன்று வந்து சாக்கடையைச் சுத்தம் செய்து, தண்ணீரையும் காற்றையும் சரி செய்த பிறகுதான், ஜூனில் அந்த எண்ணிக்கை 100க்கு 2 பேர் அளவுக்கு இறங்கியது.

ஊர் திரும்பிய பிறகு நைட்டிங்கேல் கணக்கைப் போட்டுப் பார்த்தார். வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞரோடு உட்கார்ந்து மாதா மாதம் எத்தனை பேர் எதனால் இறந்தார்கள் என்று எண்ணினார். குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கு, காலரா, டைபஸ் காய்ச்சலால் செத்தவர்கள் பல மடங்கு. அதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி பூ இதழ் போலப் படம் வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தார். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. தாதித் தொழிலின் அடித்தளம் இங்கேதான் விழுந்தது என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன். பார், எழுதி வை, எண்ணு, ஏன் என்று கேள். அன்பு மட்டும் இருந்திருந்தால் அந்தச் சிப்பாய்கள் அன்பான கைகளில் செத்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

உங்கள் மூத்திரக் கேள்விக்கு வருகிறேன். அறுவை சிகிச்சை முடிந்தோ விபத்தில் அடிபட்டோ ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார், எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் குழாய் வைத்து மணிக்கு மணி மூத்திரத்தை அளப்பார்கள். மணிக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் ரத்த ஓட்டம் குறைகிறதா, சிறுநீரகம் பாதிக்கப்படுகிறதா என்று உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். டாக்டர் இருபத்து நாலு மணி நேரமும் கட்டில் பக்கத்தில் நிற்க மாட்டார், நிற்பது தாதிதான். மூச்சும் அப்படித்தான். பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது 28 ஆகிறது என்றால், நோயாளி வாய் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும் உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். படுத்த படுக்கையானவரை நேரம் வைத்துத் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் தோல் அழுகிப் புண் எலும்பு வரைக்கும் போகும். மருந்து கொடுக்கும் முன்னால் ஆள் சரியா, மருந்து சரியா, அளவு சரியா, கொடுக்கும் வழி சரியா, நேரம் சரியா என்று ஐந்தையும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். ஆம், அவள் மூத்திரத்தைத் தொடத்தான் போகிறாள். ஆனால் என் பாட்டி அதைக் கொட்டிவிட்டுப் போனார், உங்கள் மகள் அதைப் பார்த்து ஓர் உயிரைப் பற்றி முடிவு சொல்வாள். பாட்டிக்கும் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அவரும் சொல்லியிருப்பார், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஹாஸ்டலைப் பற்றி உங்கள் வீட்டு அக்கா கவலைப்பட்டார்களாம், வயசுப் பிள்ளையை எப்படித் தனியாக அனுப்புவது என்று. இதற்கும் பழைய கதை ஒன்று உண்டு. கிரிமியப் போருக்குப் பிறகு பொதுமக்கள் நன்றியோடு கொடுத்த பணம் சுமார் 45,000 பவுன் சேர்ந்தது. அதை வைத்து 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பள்ளி தொடங்கியபோது, பயிற்சிப் பெண்கள் மேட்ரன் என்ற தலைமைத் தாதியின் பார்வையில் ஓர் இல்லத்தில் தங்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். பெற்றோர் நம்பி அனுப்ப வேண்டும், ஊர் வாய் அடங்க வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். இன்றைக்கும் வார்டுத் தலைவியைச் 'சிஸ்டர்' என்கிறோமே, அது கன்னியாஸ்திரிகள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட காலத்திலிருந்து வந்த பெயர். நம் பக்கமும் அப்படித்தான் தொடங்கியது. 1885இல் சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் தாதியராகப் பணியைத் தொடங்கினார்கள். அந்த நாளை வைத்துத்தான் அங்கே ஆகஸ்ட் 1ஐத் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இன்னொரு பெண்ணையும் உங்கள் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மேரி சீக்கோல், ஜமைக்காவில் பிறந்த கலப்பின மாது. தாயிடமிருந்து நாட்டு வைத்தியம் கற்றவர், நம் மருத்துவச்சிகள் மாதிரி. போர்முனைக்குப் போகிறேன் என்று லண்டனில் கேட்டபோது அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தன் செலவில் கிளம்பிப் போய் 1855இல் பலக்லாவா பக்கத்தில் விடுதி வைத்து, சிப்பாய்களுக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுத்தார்.

சரி, தொழில் என்று எப்போது ஆனது? சட்டமும் பதிவும் வந்தபோது. யார் வேண்டுமானாலும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு நான் தாதி என்று சொல்ல முடியாது என்று முதலில் நாட்டுச் சட்டமாகவே கொண்டு வந்தது நியூசிலாந்து, 1901இல். பிரிட்டனில் எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்ற தாதி பல வருடம் போராடி 1919இல்தான் அது கிடைத்தது. இதை நைட்டிங்கேலே எதிர்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. நல்ல குணத்தைப் பரீட்சை வைத்து அளக்க முடியாது என்பது அவர் கருத்து. அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் ஃபென்விக் பக்கம்தான் நான். என் பாட்டி போன்றவர்களுக்குக் கூலி உயராததற்குப் பெயர் எழுதிய பதிவேடு ஒன்று இல்லாததும் காரணம். நம் நாட்டில் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டம் இருக்கிறது, லெம்பாகா ஜூருராவாட் மலேசியா என்ற தாதியர் வாரியம் இருக்கிறது. படித்து முடித்ததும் வாரியத்தின் பரீட்சை எழுதித் தேறினால்தான் பெயர் பதிவாகும், அப்புறம் வருடா வருடம் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

இனிமேல் நடைமுறை விஷயம், இதைக் கவனமாகப் படியுங்கள். எஸ்.பி.எம்.-இல் மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் இந்த மூன்றிலும் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) எடுக்கப் பார்க்க வேண்டும், ஆங்கிலத்தில் கட்டாயம் தேற வேண்டும், மொத்தம் ஐந்து கிரெடிட்டுக்குக் குறி வைக்க வேண்டும். டிப்ளோமா மூன்று வருடம், பட்டப்படிப்பு நான்கு வருடம். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களுக்கு முதலில் மனுப் போடுவோம், செலவு குறைவு. கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி. அங்கேதான் நான் பயப்படுகிறேன். முன்பு தனியார் தாதியர் கல்லூரிகள் மழைக்காளான் போல முளைத்து, 2010இல் புதிய படிப்புகளுக்கே அரசாங்கம் தடை போடும் அளவுக்குப் போனது. அந்தக் காலத்தில் என்னிடம் படித்த ஒரு பிள்ளை, ஒரு கல்லூரி ஏஜெண்டு வீட்டுக்கே வந்து லேப்டாப் இலவசம் என்று சொன்னதை நம்பிச் சேர்ந்தாள். வார்டில் பயிற்சிக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை, படித்து முடித்து ஒன்றரை வருடம் வேலையில்லாமல் பிடிபிடிஎன் என்ற அரசாங்கப் படிப்புக் கடனோடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் அன்றைக்கு விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, இன்னும் அது என்னை உறுத்துகிறது. ஆகவே எந்தக் கல்லூரி என்றாலும் வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, உயர்கல்வித் தரத்தைப் பார்க்கும் எம்.கியூ.ஏ. அமைப்பின் தரச்சான்று இருக்கிறதா, எந்த மருத்துவமனையில் பயிற்சி, போன வருடம் எத்தனை பேர் வாரியப் பரீட்சையில் தேறினார்கள் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்ட வேண்டாம். தனியார் மருத்துவமனையே செலவைக் கொடுத்துப் படிக்க வைப்பதாகச் சொன்னால், எத்தனை வருடம் அங்கே வேலை செய்ய வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தைப் படித்த பிறகுதான் கையெழுத்து.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. இரவு வேலை உண்டு. தீபாவளியன்றும் தைப்பூசத்தன்றும் வார்டில் நிற்க வேண்டி வரும். ஆளைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலிக்கும், நோயாளியின் சொந்தக்காரர்கள் கோபத்தைத் தாதி மேல்தான் கொட்டுவார்கள். இரவு வேலைக்குப் போகும் பெண்ணை யார் கட்டுவார் என்று கேட்டீர்கள். அண்ணே, அப்படிக் கேட்கும் மாப்பிள்ளை உங்கள் மகளுக்கு வேண்டாம், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முன்னேற வழியும் இருக்கிறது. சில வருடம் வார்டில் நின்ற பிறகு தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், பிள்ளைப்பேறு என்று மேற்பயிற்சி எடுக்கலாம், சிஸ்டர், மேட்ரன் என்று உயரலாம், பாடம் சொல்லிக் கொடுக்கவும் போகலாம். 1960களிலேயே மலேசியப் பெண்கள் கப்பலேறி இங்கிலாந்து மருத்துவமனைகளில் தாதிப் பயிற்சிக்குப் போனார்கள், நம் இனப் பெண்களும் அதில் உண்டு. சின்னவனுக்கும் ஆசை இருக்கிறது என்றால், ஆண்களும் தாதியாகலாம். பழைய டிரெஸர் வேலையின் தொடர்ச்சியாக வந்த பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான் (உதவி மருத்துவ அதிகாரி) படிப்பும் இருக்கிறது, அது தனி வழி, தனியாகப் பேசுவோம்.

கடைசியாக, உங்களுக்குத் தெரியாத ஒன்று. உங்கள் அம்மா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார்களே, அப்போது உங்கள் மகள் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் பாட்டி எத்தனை மணிக்குக் கஞ்சி குடித்தார், எத்தனை தடவை சிறுநீர் போனார், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள் என்று நாள் தவறாமல் எழுதி வைத்திருக்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. முதுகில் சிவப்பாக ஓர் இடம் தெரிந்த நாளைக் கோடு போட்டுக் குறித்திருக்கிறாள், பக்கத்தில் 'அப்பாவிடம் சொல்லித் தலையணை வாங்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. நீங்கள் அன்றைக்கே ஈப்போவுக்குப் போய் வாங்கி வந்தீர்களாம். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அறையில் இருப்பேன், அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எஸ்.பி.எம். முன்தேர்வு மதிப்பெண் தாளோடு அந்த நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள், தாதிப் படிப்புக்கான நேர்காணலுக்கு அவளைத் தயார் செய்யும்போது அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.