பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் சாமி, குடும்பம், படிப்பு மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கேள்வி: மணிலாவுக்கு மாற்றலாகிப் போகிறேன். என் டீமில் இருக்கப்போவது எல்லாம் இருபதுகளில் உள்ள அந்த ஊர்ப் பிள்ளைகள். பழைய நம்பிக்கைகள், வீட்டுப் பொறுப்பு, மேல்படிப்பு எல்லாவற்றையும் அவர்கள் எப்படிச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்கள்?

பதில்: மணிலாவில் ஒரு கால் சென்டரில் சில வருடம் டீம் லீடராக இருந்தேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சாமிக்கும் படிப்புக்கும் இடையே இழுபறி இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். அங்கே இரண்டும் ஒரே கட்சி. நர்ஸ், ஆசிரியர், இன்ஜினியர் போன்ற வேலைகளுக்குப் பட்டம் மட்டும் போதாது, அரசு நடத்தும் போர்டு தேர்வில் தேறி உரிமம் வாங்க வேண்டும். அந்தத் தேர்வு நெருங்கினால், அதிபர் மாளிகைப் பக்கம் இருக்கும் புனித யூதா ததேயு கோயிலிலும் பங்காசினான் மாகாணத்து மனாவாக் மாதா கோயிலிலும் பேனா பென்சிலோடு பிள்ளைகள் நிற்பார்கள், மந்திரித்து வாங்குவதற்காக. நன்றாகப் படித்தவர்களும்தான். பட்டமளிப்பு நெருங்கும் பிள்ளைக்கு விபத்துக் கண்டம் உண்டு என்று அம்மாக்கள் தூரப் பயணம் போக விடமாட்டார்கள். துக்க வீட்டுக்குப் போனவர்கள் நேரே வீடு திரும்பாமல் வழியில் ஏதாவது கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். இதையெல்லாம் யாரும் பாரமாக நினைத்து நான் பார்த்ததில்லை. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் விடியற்காலைப் பூசை உண்டு. ஒன்றையும் விடாமல் முடித்தால் வேண்டியது நடக்கும் என்பது நம்பிக்கை. இரவு ஷிப்டில் இருப்பவர்கள் அதற்காக நேரம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

உண்மையான பாரம் பணம். அங்கே ஒரு பிள்ளையின் பட்டத்தில் வீடு முழுவதற்கும் பங்கு உண்டு. போர்டு தேர்வில் தேறினால் வாசலில் பெரிய பேனர் கட்டுகிறார்கள், நம் ஊர் ஃப்ளெக்ஸ் மாதிரியே, பட்டத்தோடு பெயர் போட்டு. துபாயிலோ ஹாங்காங்கிலோ இருக்கும் சித்தி காலேஜுக்குப் பணம் கட்டியிருப்பார். எந்தப் படிப்பு என்று முடிவு செய்ததும் பெரும்பாலும் அந்தச் சித்திதான். என் டீமில் ஒரு பெண்ணுக்கு ஓவியத்தில் ஆசை. நர்சிங் படித்துவிட்டு, உரிமத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, அமெரிக்க வாடிக்கையாளர்களின் கிரெடிட் கார்டு புகார்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி காலேஜ் முடிக்கும்வரை கல்யாணப் பேச்சே கிடையாது என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு. தம்பி முடித்தபின் அடுத்த தங்கை. இதற்கு நடுவில், ஒரே வருடத்தில் உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர் கல்யாணம் செய்தால் ஆகாது என்று வேறு ஒரு நம்பிக்கை.

உடன்பிறந்தவர்களைப் படிக்க வைப்பது அந்த நாட்டில் வேரோடிப்போன விஷயம். காலேஜில் எல்லாரும் ஹோசே ரிசாலைப் பற்றி ஒரு பாடம் படித்தே ஆக வேண்டும், 1956இல் வந்த சட்டம் அது. அந்தத் தேசிய நாயகர் 1882இல் ஸ்பெயினுக்குப் படிக்கப் போனார். ஊரிலிருந்து பணம் அனுப்பியவர் அண்ணன் பாசியானோ, தன் படிப்பைப் பாதியில் விட்டவர். 1987 குடும்பச் சட்டமும் உடன்பிறந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஆதரிக்க வேண்டும் என்கிறது, அந்த ஆதரவில் படிப்புச் செலவையும் சேர்க்கிறது. கப்பலில் வேலை செய்பவர்களின் நிலை இன்னும் நேரடியானது. அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது 80 விழுக்காட்டை மாதாமாதம் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அரசின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

2017இல் வந்த சட்டத்தால் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பெரிய உதவிதான், மறுக்க முடியாது. ஆனால் மாகாணத்திலிருந்து வந்து படிக்கும் பிள்ளைக்குத் தங்குமிடம், சாப்பாடு, ஜீப்னி (அந்த ஊர் ஷேர் வண்டி) செலவு எல்லாம் இருக்கிறதே. அதைவிட, வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம் வீட்டுக்கு வரவில்லை. அதனால்தான் இரவில் கால் சென்டர், பகலில் வகுப்பு என்று இத்தனை பேர். நீங்கள் சந்திக்கப் போவது அவர்களைத்தான்.

இந்தத் தலைமுறையில் என்ன மாறியிருக்கிறது என்றால், பேரம் பேசுகிறார்கள். வீட்டைக் கைகழுவவில்லை. "இவ்வளவுதான் தருவேன், கடைக்குட்டி படிப்பு முடியும் வரைதான் தருவேன்" என்று கணக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். செனட்டர் பான்ஃபிலோ லாக்சன், வயதான பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளுக்குத் தண்டனை விதிக்கும் மசோதாவை 2025இல் மறுபடி கொண்டுவந்தபோது சமூக ஊடகங்களில் இளைஞர்கள் பொங்கிவிட்டார்கள். பிள்ளைகளைக் கைவிட்ட, கொடுமை செய்த பெற்றோருக்கு அது பொருந்தாது என்று அதில் இருந்தும் கோபம் அடங்கவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். மாதம் பிறந்தால் பாதிச் சம்பளத்தை அனுப்புகிறவனிடம் போய்ச் சிறை என்றால் எப்படி இருக்கும்?

சரி, மேலாளராக உங்களுக்கு ஒன்றிரண்டு. போர்டு தேர்வுக்கு விடுப்பு கேட்டால் தேர்வு நாளோடு நிறுத்தாமல் முன்னால் சில நாளும் சேர்த்துக் கொடுங்கள். "ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை" என்று வீட்டுக்கு மூத்த பெண்களிடம் கேட்காதீர்கள். நம் ஆட்கள் இதை ரொம்பக் கேட்பார்கள். அப்புறம், பதின்மூன்றாம் மாதச் சம்பளம், அதாவது வருடக் கடைசியில் கூடுதலாகக் கொடுக்கும் ஒரு மாதச் சம்பளம். அதை டிசம்பர் 24க்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். பல பிள்ளைகளுக்கு அந்தப் பணம் கைக்கு வருவதற்கு முன்பே கிறிஸ்துமஸுக்கும், ஜனவரியில் தொடங்கும் தம்பி தங்கையின் செமஸ்டருக்கும் பிரிந்துபோயிருக்கும். உங்கள் கம்பெனி அதை நவம்பரிலேயே கொடுக்குமா, கடைசி வாரம் வரை இழுக்குமா என்று கிளம்புவதற்கு முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டீம் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதுவாகத்தான் இருக்கும்.