வேடரின் கோணல் முகம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கையால் பொருட்கள் செய்வதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இந்தக் கிறுக்கில் இறங்கினேன். ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் வில்லன் டார்த் வேடரின் தலைக்கவசத்தை நான்கு மாதம் உட்கார்ந்து செய்தேன். முப்பரிமாண அச்சில் எடுத்து, பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்தேன். அச்சுக்காகக் கிடைத்த கணினி மாதிரிக் கோப்பில் முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை. யாரோ சரியாக வரையவில்லை என்று நினைத்து, ஒரு பாதியைத் திருப்பிப் போட்டு மறுபாதியாக்கிக்கொண்டேன். இப்போது அளவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மேசைமேல் வைத்துப் பார்த்தால் பொம்மை மாதிரித்தான் இருக்கிறது.

பெயின்டிலும் சிக்கல். முகத்தில் சில இடங்களுக்குக் கன்மெட்டல் என்ற கருஞ்சாம்பல் உலோக நிறம் அடித்தேன். அதன்மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சைப் போட்டதும் உலோக மினுக்கம் செத்து, வெறும் சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு கன்னத்தில் பெயின்ட் பாலாடை போலச் சுருங்கிவிட்டது. எங்கே தப்பு செய்தேன்? கடைசியாக ஒன்று. அடுத்தவர் செய்ததைப் பார்த்து அப்படியே செய்வதெல்லாம் ஒரு கலையா என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உழைப்பு நன்றாகவே தெரிகிறது. தப்பு பெயின்டில் ஆரம்பிக்கவில்லை. கோப்பைத் ‘திருத்திய’ அன்றே ஆரம்பித்துவிட்டது.

அந்த முகம் பிறவியிலேயே கோணல். 1977-இல் வந்த முதல் படத்துக்காக, ரால்ஃப் மெக்குவாரி வரைந்த ஓவியங்களை ஆதாரமாக வைத்து, பிரையன் மியூர் என்ற சிற்பி அதைக் களிமண்ணில் செதுக்கினார். அதிலிருந்து அச்செடுத்து ஃபைபர் கிளாஸில் வார்த்தார்கள். கையும் கண்ணும் மட்டுமே அளவுகோலாக இருந்து உருவான முகம் என்பதால் இரு கன்னங்களும் துல்லியமாகப் பொருந்தாது. திரையில் அதை யாரும் குறையென்று கவனிப்பதில்லை. ஏதோ ஒரு முகம் நம்மைப் பார்க்கிறது என்று மட்டும் தோன்றும். மனித முகமும் அப்படித்தானே.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் செய்த அதே திருத்தத்தை அவர்களும் ஒருமுறை செய்தார்கள். 2005-இல் வந்த படத்துக்காகத் தலைக்கவசத்தைப் புதிதாகச் செய்தபோது இரு பக்கத்தையும் சமமாக்கினார்கள். கதைப்படி அது அப்போதுதான் முதன்முறையாகத் தலையில் ஏறும் கவசம், எந்திரத்திலிருந்து இறங்கிய பொருள். அதற்கு அந்தச் சமச்சீர் பொருந்துகிறது. ஆக, சமமான முகம் தவறு என்று நான் சொல்லவரவில்லை. எந்தப் படத்து வேடரைச் செய்கிறோம் என்று முதல் நாளே முடிவு செய்யாமல் இறங்கினீர்கள் என்பதுதான் என் குறை.

ஏனென்றால் இரண்டுக்கும் வேலைமுறை வேறு. களிமண் முகத்தில் பரப்பு லேசாக அலைந்தாலும் கண் பொறுத்துக்கொள்ளும். சமமான முகம் அந்தச் சலுகையைத் தராது. எந்திரம் செய்தது என்று சொல்லிக்கொள்ளும் பொருளில் ஒரு பள்ளம் இருந்தால் உடனே பல்லிளிக்கும். அதிலும் பளபளக்கும் கறுப்பு இருக்கிறதே, அதைப்போலக் காட்டிக்கொடுக்கும் நிறம் வேறில்லை. உங்கள் மூன்றாவது படத்தில் டியூப் லைட்டின் பிரதிபலிப்பு நெற்றியில் நெளிந்து நெளிந்து போகிறது. நேர்க்கோடாக ஓடியிருக்க வேண்டும். அதோடு விளிம்புகள். கன்னமும் மூக்கும் சந்திக்கும் மடிப்புகளெல்லாம் சோப்புக்கட்டி கரைந்த மாதிரி மழுங்கிவிட்டன. பொம்மைத்தனம் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

உப்புத்தாளை விரலால் பிடித்துத் தேய்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விரல் மெத்தென்று இருப்பதால் பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தேய்க்கும், விளிம்பையும் மழுக்கிவிடும். தட்டையான பரப்புக்கு ஒரு மரக்கட்டையில் தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டும். விளிம்புகளுக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக, விளிம்பைத் தாண்டாமல். அச்சு அடுக்குகளின் கோடுகளைப் போக்க 120-ஆம் எண் தாளில் ஆரம்பித்து 220, 400 என்று இன்னும் நைசான தாள்களுக்கு ஏற வேண்டும். பொறுமை கெட்டு எண்ணைத் தாண்டினால், 120 போட்ட கீறல் பெயின்டுக்கு அடியில் காத்திருந்து கடைசி நாளில் எழுந்து வரும்.

கார் பட்டறைகளில் ஒரு பழைய வித்தை உண்டு. பிரைமர் என்ற அடிப்பூச்சைச் சாம்பல் நிறத்தில் அடித்து, அது காய்ந்தபின் தூரத்திலிருந்து கறுப்பு ஸ்ப்ரேயைத் தூசி படிந்த மாதிரி லேசாகத் தூவுவார்கள். பிறகு கட்டையால் தேய்ப்பார்கள். மேட்டில் கறுப்பு முதலில் போகும், பள்ளத்தில் தங்கிவிடும். எங்கே கறுப்பு தங்குகிறதோ அங்கே பட்டி. திரும்பத் தூவு, திரும்பத் தேய். எனக்கு ஒரு தலைக்கு ஏழெட்டு சுற்று ஆகும். சலிப்பான வேலைதான், பொய் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் தடவிப் பார்ப்பதும் உதவும். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரிந்துவிடும்.

இனி கன்மெட்டல். முதல் படத்து முகத்தை முழுக்கக் கறுப்பு என்றுதான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கறுப்பும் கன்மெட்டலும் முகத்தின் தளங்களில் பிரிந்து பிரிந்து வருவதை நீங்கள் கவனித்திருப்பது நல்ல கண். மங்கிய வெளிச்சத்திலும் முகத்தின் மடிப்புகள் எடுத்துத் தெரிவதற்கு அதுவே துணை. ஆனால் உலோக நிறம் என்பது பெயின்டுக்குள் மிதக்கும் நுண்ணிய உலோகச் செதில்கள்தான். அவை காயும்போது தட்டையாகப் படுத்துக்கொண்டால் ஒளியை ஒரே பக்கம் திருப்பி அனுப்பும். அதைத்தான் மினுக்கம் என்கிறோம். நீங்கள் அதன்மேல் கிளியர் கோட்டை ஒரே மூச்சில் ஈரமாக அடித்ததும், அதிலிருந்த தின்னர், அதாவது பெயின்டைக் கரைக்கும் திரவம், கீழே இருந்த பெயின்டை இளக்கிவிட்டது. படுத்திருந்த செதில்கள் கலைந்து கண்டபடி நின்றுவிட்டன. ஒளி சிதறினால் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். கன்மெட்டல் நன்றாக இறுகியபின் மிக மெல்லிய தூவலாக நாலைந்து தடவை அடியுங்கள். அல்லது தின்னருக்குப் பதில் தண்ணீர் கலந்து செய்த கிளியர் வாங்குங்கள். அலமாரியில் வைக்கும் பொருள் என்றால் நான் கிளியரே போடமாட்டேன்.

பாலாடை விஷயம் சுலபம். கீழே எனாமல், மேலே லேக்கர் என்று இரண்டு வகை பெயின்டை அடித்திருப்பீர்கள். லேக்கரின் தின்னர் வீரியமானது, அரைகுறையாகக் காய்ந்த எனாமலைக் கடித்துச் சுருக்கிவிடும். லேக்கர் கீழே, எனாமல் மேலே என்றால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. எப்படியானாலும், தலைக்கவசத்தில் அடிக்கும் முன் பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றின் முதுகில் பிரைமர் முதல் கிளியர் வரை அதே வரிசையில், அதே இடைவெளியில் அடித்துப் பாருங்கள். என்னிடம் அப்படி ஒரு டப்பா நிறைய ஸ்பூன்கள் இருக்கின்றன. பின்னால் தேதியும் பெயின்ட் பெயரும் எழுதிய கறுப்பு ஸ்பூன்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

மூன்று சின்ன விஷயங்கள். தேய்க்கும்போது போடும் என்95 முகக்கவசம் தூசிக்கு மட்டும்தான். ஸ்ப்ரேயின் ஆவியை அது தடுக்காது, அதற்குக் கரி வடிப்பான் உள்ளது வேண்டும். கவசத்தின் உள்பக்கத்துக்கும் மேட் கறுப்பு அடியுங்கள். கண் கண்ணாடி வழியே உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் தெரிந்தால் எல்லாம் போச்சு. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். முப்பரிமாண அச்சில் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். என் முதல் கவசம் தாடை தொங்கி, பல் கழற்றிய தாத்தா போல ஆனது அப்படித்தான்.

வீட்டில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அசலே கலையா என்பதே நீதிமன்றம் வரை போன விவகாரம். அதே படத்தில் வரும் வெள்ளைக் கவசம் அணிந்த சிப்பாய்களின் தலைக்கவசம் சட்டப்படி ஒரு சிற்பம் என்று, படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வாதாடியது. இல்லை, படம் எடுக்கும் வேலைக்குப் பயன்பட்ட பொருள் என்று 2011-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே கலையா இல்லையா என்ற வழக்கை நீங்கள் சாப்பாட்டு மேசையில் வென்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

என் எண்ணத்தைக் கேட்டால், பார்த்துச் செய்வதில் கடினமான பாதி பார்ப்பதுதான். இரண்டு கன்னமும் ஒன்றாக இல்லை என்று உங்கள் கண் தானாகவே கண்டுபிடித்தது. அந்தக் கண்ணை நம்பாமல், கோப்பு வரைந்தவர்மேல் பழியைப் போட்டுவிட்டீர்கள். வரைந்தவர் அசலை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்.

நல்லவேளையாக வேடரின் கவசம் இரண்டு துண்டு, முகம் தனி, மேலே கவிழ்க்கும் குல்லாய் தனி. குல்லாய் இருக்கட்டும், நெற்றி நெளிவைச் சரிசெய்தால் போதும். திருத்தாத கோப்பிலிருந்து முகத்தை மட்டும் மறுபடி அச்செடுங்கள். பழைய முகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெயின்ட் சோதித்துப் பார்க்க அவ்வளவு பெரிய ஸ்பூன் வேறெங்கும் கிடைக்காது.

அன்புடன்