வாசகர் கேள்விகள்: மகளைப் பறிகொடுத்த டெமிட்டர்

கேள்வி: என் மகனின் பாடப் புத்தகத்தில் கிரேக்கக் கதையொன்று வந்திருக்கிறது. தானிய தெய்வம் டெமிட்டரின் மகள் பெர்செஃபோனி மாதுளை முத்தைத் தின்றதால் பாதாளத்தில் தங்க நேர்ந்தது, அதனால்தான் குளிர்காலம் வருகிறது என்று முடித்திருக்கிறார்கள். பருவங்கள் ஏன் மாறுகின்றன என்று தெரியாத காலத்தில் சொன்ன விளக்கம் என்று இதை எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, விருதுநகர்

அப்படி எடுத்துக்கொண்டால் கதையில் பாதிக்கு மேல் போய்விடும். முதலில் பருவக் கணக்கையே பாருங்கள். கிரேக்க நாட்டில் கோதுமையும் பார்லியும் விதைப்பது அக்டோபர், நவம்பரில். குளிர்காலம் முழுக்க வயல் பச்சையாக இருக்கும். மே, ஜூனில் அறுவடை முடிந்த பிறகு, வெயில் காலத்தில்தான் நிலம் காய்ந்து கிடக்கும். அதனால் பெர்செஃபோனி மண்ணுக்கடியில் இருப்பது உண்மையில் கோடையில்தான், விதை நெல் போல விதைத் தானியத்தைக் குழியில் சேமித்து வைக்கும் மாதங்களில்தான் என்று வாதிட்ட அறிஞர்கள் உண்டு. பழைய பாட்டோ அவள் வசந்தத்தில் திரும்பி வருவதாகச் சொல்கிறது. எப்படியானாலும், வானிலையை விளக்குவதற்காக மட்டும் ஒரு சமூகம் ஆயிரம் ஆண்டுகள் ஒரு கதையைப் பிடித்துக்கொண்டிருக்காது.

அந்தப் பாட்டைச் சொல்கிறேன். பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் பெயரால் வழங்கும் துதிப்பாடல்களில் ஒன்று, 495 வரி. காணாமல் போயிருக்க வேண்டியது. 1777இல் மாஸ்கோவில் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்ததால் பிழைத்தது. கதை மலர் பறிக்கும் பெண்ணோடு தொடங்குகிறது. பாதாள அரசன் ஹேடிஸ் அவளைத் தேரில் தூக்கிப் போகிறான். பாடப் புத்தகங்கள் விட்டுவிடும் வரி அடுத்து வருகிறது: பெண்ணை அவனுக்குக் கொடுத்தது அவள் அப்பா, தேவர்களின் அரசன் ஜீயஸ். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரேக்கப் பெண்களுக்குப் பதினாலு, பதினைந்து வயதில் கல்யாணம் நடந்த காலம் அது. பெற்றவளின் சம்மதத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. இந்தப் பாட்டைக் கேட்ட தாய்மார்களுக்கு டெமிட்டரின் கோபம் எதைப் பற்றியது என்று யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

டெமிட்டர் ஒன்பது நாள் தீவட்டியோடு தேடுகிறாள். சாப்பிடவில்லை, குளிக்கவில்லை. கிழவியின் உருவத்தில் எலூசிஸ் என்ற ஊருக்கு வந்து கிணற்றடியில் உட்காருகிறாள். அரசன் வீட்டுப் பெண்கள் அவளை அழைத்துப் போகிறார்கள். இயாம்பி என்ற பெண் கேலி பேசி அவளைச் சிரிக்க வைக்கிறாள். ஒயின் கொடுக்கிறார்கள், மறுத்துவிடுகிறாள். பார்லி மாவும் தண்ணீரும் புதினா வகை இலையும் கலந்த பானம் கேட்டுக் குடிக்கிறாள். பிறகு உலகத்தில் ஒரு விதைகூட முளைக்காமல் நிறுத்திவிடுகிறாள். மனிதர்கள் பட்டினியில் செத்தால் தேவர்களுக்குப் பலி கொடுக்க ஆள் இருக்காது என்றானபோதுதான் ஜீயஸ் இறங்கி வருகிறான். மகள் திரும்புகிறாள். ஆனால் ஒரு மாதுளை முத்தைத் தின்றுவிட்டதால், ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு அவள் கணவனோடு இருக்க வேண்டும்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஏதென்ஸிலிருந்து எலூசிஸுக்குச் சுமார் 20 கிலோமீட்டர் ஊர்வலம் போனார்கள். விரதம் இருந்தார்கள். வழியில் ஒரு பாலத்தருகே ஊர்வலத்தாரைக் கேலி செய்து ஏசுவது வழக்கம். அதே பார்லி பானத்தைக் குடித்தார்கள். தீவட்டி வெளிச்சத்தில், பெரிய மண்டபத்துக்குள் ரகசியச் சடங்கு நடந்தது. டெமிட்டர் பட்ட துயரத்தை அவர்கள் காதால் கேட்டதோடு நிற்கவில்லை, தங்கள் உடம்பால் கடந்தார்கள். பெண்கள், அடிமைகள், கிரேக்க மொழி தெரிந்த வெளியூர்க்காரர்கள், எல்லாருக்கும் அனுமதி இருந்தது. கொலை செய்தவர்களுக்கு இல்லை. உள்ளே கண்டதை வெளியே சொன்னால் மரண தண்டனை. அதனால் அந்த இரவின் மையச் சடங்கு இன்றுவரை வெளிவரவில்லை. இதைக் கண்டவர்களுக்குச் செத்த பிறகு நல்ல கதி உண்டு என்று பாட்டு உறுதி சொல்கிறது. ரோமானிய அரசியல்வாதி சிசரோவும் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸும் இங்கே வந்து தீட்சை பெற்றவர்கள்.

மகனிடம் மாதுளை முத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் கிணற்றடியில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: கிரேக்கக் கதையில் வரும் மெடியா தன் குழந்தைகளைத் தானே கொன்றாள் என்கிறார்கள். இல்லை, ஊர்க்காரர்கள்தான் கொன்றார்கள் என்றும் படித்தேன். எது சரியான கதை?
– கல்லூரி மாணவர், கோவை

இரண்டும் பழைய கதைகளே. தாய் தன் கையால் கொல்வதை ஏதென்ஸ் மேடைக்குக் கொண்டுவந்தவர் நாடகாசிரியர் யூரிப்பிடிஸ், கி.மு. 431இல். அந்தப் போட்டியில் மூன்று பேரில் அவருக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. ஆனாலும் அவர் சொன்னதே உலகத்தில் நிலைத்துவிட்டது.

ஆனால் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் கொரிந்து நகரில் வேறு நினைவு இருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே போன பாசேனியஸ் என்ற பயணி, அந்தக் குழந்தைகளின் கல்லறையைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஊர் மக்கள்தான் அவர்களைக் கல்லால் அடித்துக் கொன்றார்களாம். அந்தப் பாவத்தால் கொரிந்தில் கைக்குழந்தைகள் இறக்கத் தொடங்க, ஆண்டுதோறும் பலி கொடுத்துப் பரிகாரம் செய்தார்களாம். ரோமானியர்கள் நகரத்தை அழிக்கும்வரை, கொரிந்துப் பிள்ளைகள் அந்த இரண்டு குழந்தைகளுக்காகத் தலைமுடி வெட்டி, கறுப்பு உடை உடுத்தியிருக்கிறார்கள். தங்கள் முன்னோர் செய்த கொலைக்காக ஓர் ஊர் தன் பிள்ளைகளைத் துக்கம் காக்க வைத்தது என்பதை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாடகத்தைவிட இதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

கிரேக்கர்களுக்கு இதுதான் முடிவான வடிவம் என்று சொல்ல வேதநூல் கிடையாது. ஊருக்கு ஊர், விழாவுக்கு விழா கதை மாறும். எது சரி என்று கேட்பதற்குப் பதிலாக, எந்த ஊரில், யார் முன்னால், எதற்காகச் சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இவற்றையெல்லாம் கிரேக்கர்கள் உண்மையிலேயே நம்பினார்களா?
– வாசகர், தஞ்சாவூர்

எல்லாரும் ஒரே மாதிரி நம்பவில்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே செனோஃபனீஸ் என்ற சிந்தனையாளர், கவிஞர்களான ஹோமரும் ஹெஸியடும் தேவர்கள்மேல் திருட்டையும் கள்ள உறவையும் ஏற்றிவிட்டார்கள் என்று கண்டித்தார். மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் கை இருந்தால் அவை மாடு மாதிரியும் குதிரை மாதிரியும் கடவுளை வரையும் என்றார். தத்துவஞானி பிளேட்டோ தன் இலட்சிய நகரத்தில் பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளைச் சொல்வதைக் கட்டுப்படுத்த விரும்பினார். அவ்வளவு விமர்சனத்துக்கு நடுவிலும் எலூசிஸ் ஊர்வலம் நிற்கவில்லை. கி.பி. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் கிறித்தவப் பேரரசர்கள் பழைய வழிபாடுகளைத் தடை செய்தபோதுதான் அது முடிவுக்கு வந்தது.

கேள்வி: அதன் பிறகு டெமிட்டரை எல்லாரும் மறந்துவிட்டார்களா?
– வாசகி, திருநெல்வேலி

முழுக்க மறக்கவில்லை. எலூசிஸ் கிராமத்தில், தலையில் கூடை சுமந்த ஒரு பெண் சிலையின் மேல்பாதி மட்டும் களத்துமேட்டருகே கிடந்தது. உண்மையில் அது கோயில் வாசலைத் தாங்கிய தூண் சிலை. ஊர் மக்கள் அதைத் தங்கள் வயலைக் காக்கும் தெய்வமாகவே நினைத்து, கழுத்துவரை எருவைக் குவித்து வைத்திருந்தார்கள். சிலை போனால் விளைச்சல் போகும் என்று நம்பினார்கள். 1801இல், உதுமானியர் ஆட்சிக் காலத்தில், எட்வர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேயர், உதுமானிய அதிகாரியிடம் அனுமதி வாங்கி, மக்கள் தடுத்தும் கேட்காமல் அதை எடுத்துப் போனார். கொண்டுபோன கப்பல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது, சிலையை மீட்டெடுத்தார்கள்.

இன்று அது கேம்பிரிட்ஜில், பிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இணைச் சிலை எலூசிஸ் அருங்காட்சியகத்தில் தனியாக இருக்கிறது. கேம்பிரிட்ஜில் இருப்பதைத் திருப்பிக் கொடுத்து இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. அந்த மக்கள் அதை விற்கவில்லை, கொடுக்கவுமில்லை.