தெளிந்த தண்ணீரில் சாகும் மீன்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டில் 45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறோம். இரண்டு மாதம் முன்பு 3 கோல்டு ஃபிஷ், 6 கப்பி விட்டோம். ஞாயிறுதோறும் மீன்களை வாளியில் எடுத்துவிட்டு மொத்தத் தண்ணீரையும் மாற்றுகிறேன். கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைப்பேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிவேன். புதுத் தண்ணீரை ஒரு இரவு வைத்திருந்துதான் ஊற்றுகிறேன். தண்ணீர் பளிங்கு போல் இருக்கிறது, ஆனாலும் மீன்கள் சாகின்றன, பெரும்பாலும் வெள்ளி, சனியில். இப்போது மிச்சம் 2 கோல்டு ஃபிஷ், 3 கப்பி. யாரோ சொன்னார்கள் என்று நீல மருந்தும் விட்டுப் பார்த்தேன். வாரம் இரண்டு முறை கழுவினால் சரியாகுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. வெள்ளி, சனி. ஞாயிறு கழுவியதும் தெம்பாக இருக்கும் மீன், வாரக் கடைசியில் சாகிறது. அப்படியென்றால் திங்களிலிருந்து ஏதோ ஒன்று தண்ணீரில் ஏறிக்கொண்டே போகிறது. அதற்கு நிறம் இல்லை, அதனால் தண்ணீர் பளிங்காகவே தெரியும்.

அது அம்மோனியா. மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியே விடுகிறது. மிஞ்சிய தீவனமும் எச்சமும் அழுகினாலும் அதுதான் உருவாகும். ஆற்றிலும் குளத்திலும் இது கரைந்து போய்விடும், தொட்டியில் போக இடமில்லை. அங்கே இதைத் தின்று தீர்ப்பவை நுண்ணுயிரிகள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டை லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொண்டால் பெரும்பாலான மீன்கள் தாங்கிவிடும்.

இந்த நுண்ணுயிரிகள் தண்ணீரில் மிதந்து திரிவது குறைவு. ஸ்பாஞ்ச், கூழாங்கல், கண்ணாடி என்று ஏதாவது ஒரு பரப்பில் வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்பவை. நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் தேய்த்து, வெயிலில் காயவைத்து, குளோரின் தண்ணீரில் பிழிந்து ஒழிப்பது இவற்றைத்தான். நீல மருந்து மெத்திலீன் நீலமாக இருந்தால் அதுவும் இவற்றை முடக்கும். வாரம் இரண்டு முறை கழுவினால் அம்மோனியா ஏற அவகாசம் குறையும் என்பது வாஸ்தவம். ஆனால் தொட்டி என்றைக்கும் முதல் வாரத்தைத் தாண்டாது.

இவை பெருகும் வேகமும் மிகக் குறைவு. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா, வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகும். இவற்றுக்கு ஒரு நாள்கூட ஆகலாம். அதனால்தான் புதுத் தொட்டி நிலைபெற 4 முதல் 6 வாரம் பிடிக்கிறது. (1890 வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிரியல் ஆய்வாளர் இந்த உயிரிகளைத் தனியே பிரித்து வளர்த்தார். நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். மீன்தொட்டிகளில் அதைச் செய்வது முக்கியமாக நைட்ரோஸ்பைரா என்று 1990களின் கடைசியில் தெரிந்தது. இரண்டு வேலையையும் ஒன்றாகவே செய்யும் நைட்ரோஸ்பைராக்கள் இருப்பது 2015இல்தான் தெரியவந்தது.)

புதுத் தொட்டியில் முதல் சில நாட்களில் தண்ணீர் பால் கலந்தாற்போல் மங்கும். அதைப் பார்த்துத்தான் பலரும் பதறி மொத்தத் தண்ணீரையும் கொட்டுகிறார்கள். அது வேறு வகை பாக்டீரியா, அழுகும் தீவனத்தில் திடீரென்று பெருகுவது. தீவனத்தைக் குறைத்துவிட்டு விட்டுவைத்தால் தானே தெளியும்.

இப்போது இருக்கும் ஐந்து மீன்களுக்கு வருவோம். உங்கள் தொட்டி கணக்குப்படி 40 லிட்டர். கற்களையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் 35 லிட்டர் தண்ணீர்தான். முதலில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) நான்கையும் பார்க்கும் திரவ டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். தினமும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டினால், அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். கல்லையும் ஸ்பாஞ்சையும் தொடவே வேண்டாம். தீவனம் ஒன்றுவிட்டு ஒரு நாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான். பட்டினியால் சாகாது.

பி.எச்.சையும் கவனியுங்கள். ஒரே அளவு அம்மோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே அளவு கொல்லாது. 25 டிகிரியில், பி.எச். 7 என்றால் அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் நஞ்சான வடிவில் இருக்கும். 8 என்றால் நூற்றில் ஏறக்குறைய 5 பங்கு.

நைட்ரைட் கொல்லும் விதம் வேறு. அது ரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினைக் கெடுக்கிறது, ரத்தம் பழுப்பாகிறது. தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். ஏர் பம்ப் இன்னொன்று வைத்தும் பலன் இல்லை என்று குழம்புவது இந்தக் கட்டத்தில்தான். இதற்கு உப்பு கைகொடுக்கும். நைட்ரைட் செவுளுக்குள் நுழையும் வாசலில் உப்பில் உள்ள குளோரைடு போட்டிக்கு நின்று மறித்துவிடும். 10 லிட்டருக்கு 1 கிராம் போதும். உங்கள் தொட்டிக்கு மூன்றரை கிராம், அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல். வேறு பாத்திரத்தில் கரைத்து ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது என்பதால், அடுத்த முறை எடுத்த தண்ணீரின் அளவுக்கு மட்டும் சேருங்கள்.

தண்ணீரை ஒரு இரவு வைத்திருப்பது குளோரினுக்குச் சரி. குழாய்த் தண்ணீரில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்திருந்தால் அது அப்படிப் போகாது. குளோரமினுக்கும் சேர்த்து வேலை செய்யும் என்று எழுதியிருக்கும் நீர் சீராக்கியை அதன் அளவுப்படி சேர்ப்பதே நம்பகமானது. புதுத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கட்டும்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. பல மாதமாக நோயில்லாமல் ஓடும் தொட்டி தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அதன் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். வாரக்கணக்கான காத்திருப்பு பல நேரம் நாட்களாகச் சுருங்கும். அந்தத் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும், அதனால் பார்த்து வாங்குங்கள்.

கோல்டு ஃபிஷ் பற்றிச் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அது ஒரு சாணுக்கும் வளரக்கூடிய மீன், நிறையக் கழிவு விடுவது. 35 லிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பேன், நீங்கள் மூன்று விட்டிருக்கிறீர்கள். மிச்சம் இரண்டையும் பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். கப்பிகளுக்கு இந்த இடம் தாராளம். வளர்ந்த கோல்டு ஃபிஷ் கப்பிக் குஞ்சுகளை விழுங்கவும் செய்யும்.

அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யம் காட்டினால் தொட்டி நிலைபெற்றது என்று கொள்ளலாம். பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மட்டும். ஒரு வாரம் கற்களின் பாதியில் சைஃபன் குழாய் விட்டு அழுக்கை உறிஞ்சுங்கள், அடுத்த வாரம் மறுபாதி. ஸ்பாஞ்சில் நீரோட்டம் குறைந்தால், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை அமுக்கி எடுங்கள். பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். புது மீன் வாங்கினால் ஒரு வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

ஃபில்டர் சத்தம் தூங்க விடவில்லை என்று இரவில் அணைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த உயிரிகளுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய ஃபில்டர் பல மணி நேரம் நின்றுவிட்டால், உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டுப் பிறகு ஓடவிடுங்கள்.

டெஸ்ட் கிட் வாங்கியதும் ஒன்றைக் கவனியுங்கள். பல திரவ கிட்களில் நைட்ரேட்டுக்கான இரண்டாவது குப்பியின் மருந்து அடியில் படிந்திருக்கும். அரை நிமிடம் பலமாகக் குலுக்காமல் சொட்டு விட்டால், நைட்ரேட் எவ்வளவு இருந்தாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே காட்டும்.